தானாகப் படித்தார்கள், தனியாகப் படிக்கவில்லை

லுக்குட் தோட்டத்து லயத்திலிருந்து பட்டமளிப்பு மேடை வரை: ஒரு வரலாற்றுப் பார்வை

“அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்ட சமுதாயம் நம்முடையது. லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெண்ணுக்கோ அடுப்பூதுவது பாதி வேலைதான். மீதி வேலை பால்மரக் காட்டில் காத்திருந்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடிப் பெயர் கொடுத்து, இருட்டு விலகும்போதே நிரைக்குள் நுழைந்து விட வேண்டும். மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் சுமந்து ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் அவள் வீடு திரும்ப முடியும். வீட்டிலே அடுப்பு மறுபடியும் காத்திருக்கும்.

இப்படிப்பட்ட பெண் ஒருத்தி, “நான் ஒரு கலைப் பட்டதாரி ஆக வேண்டும்” என்று நினைத்தால் நடக்குமா? பள்ளிக்கூட வாசலை ஆறாம் வகுப்போடு மறந்து விட்டவள், எதைப் படிப்பது, எப்போது படிப்பது என்பதைத் தானே முடிவு செய்து ஒரு பட்டத்தை எட்ட முடியுமா? இது வெறும் ஆசையா, அல்லது நடந்த வரலாறு உண்டா?

வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், “அவர் தானே படித்து முன்னேறினார்” என்று மேடையில் பாராட்டும்போது பாதி உண்மையைத்தான் சொல்கிறோம். மீதி உண்மை அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் இருக்கிறது.

சட்டம் வந்தது, பள்ளி வந்தது, பெண் வரவில்லை

லுக்குட் பழைய ஊர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ராஜா ஜுமாஆட் ஆட்சியில் ஈயத்தால் செழித்த துறைமுகம் அது. அவர் எழுப்பிய கோட்டையின் எச்சத்தை இன்றும் அங்கே காணலாம். ஈயம் ஓய்ந்தது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் ரப்பர் வந்தது. சிரம்பான், ரந்தாவ், சிலியாவ், லிங்கி, போர்ட்டிக்சன் என்று அந்த வட்டாரம் முழுதும் தோட்டங்களாயிற்று. கங்காணிகள் சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்துக் கொண்டு வந்தார்கள்.

குழந்தைகள் பெருகியதும் பள்ளிக்கூடப் பேச்சு எழுந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளுக்கு வழி செய்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. காகிதத்தில் நல்ல சட்டம். நடைமுறையில் பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஒரு கொட்டகைதான் பள்ளி. எழுத்தும் கணக்கும் ஓரளவு வந்தால் போதும் என்ற நினைப்பு.

அந்தக் கொட்டகைக்கும் பெண்பிள்ளை எத்தனை நாள் போனாள்? 1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருவரும் உழைத்தால்தான் குடும்பம் ஓடும். இருவரும் வேலைக்காட்டுக்குப் போனால் சின்னவர்களைப் பார்ப்பது யார்? மூத்த பெண்பிள்ளைதான். அவள் இடுப்பில் தம்பி ஏறினான், கையிலிருந்த சிலேட்டு இறங்கியது. பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 40 காசுக் கூலி போட்டுக் கொடுத்த கணக்கு அது.

அதே ஆண்டுகளில் அக்கரையில்

இந்தப் பெண்கள் கப்பலேறி வந்த அதே காலத்தில், அவர்கள் விட்டு வந்த மாகாணத்தில் என்ன நடந்தது?

புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண், வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டார். ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்தே படித்து, தனித்தேர்வராக 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது ஊரே எதிர்த்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அவர்தான் பின்னாளில் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக முழங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

சென்னையில் சுப்புலட்சுமி என்ற சிறுமிக்கு 11 வயதில் திருமணம். சில நாட்களிலேயே கணவர் இறந்து போனார். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் உட்கார வேண்டியவர், வீட்டிலேயே பாடம் கற்று, பிறகு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய், 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவைப் பெண் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். முத்துலட்சுமிக்குத் தந்தை கல்லூரி முதல்வராக இருந்தவர். சுப்புலட்சுமிக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை. துணைக்கு நின்றவர் விதவையான சித்தி. புத்தகமும் ஆதரவும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. லுக்குட் லயத்து வீட்டில் இவற்றில் எது இருந்தது? ஒன்றும் இல்லை. ஆக, “அவர்களால் முடிந்தது, உங்களால் ஏன் முடியவில்லை?” என்று தோட்டத்துப் பெண்ணைக் கேட்பது நியாயமல்ல.

சுப்புலட்சுமிக்கே இது நன்றாகப் புரிந்திருந்தது. தனக்கு வீடு செய்ததை வீடில்லாதவர்களுக்கு ஓர் அமைப்பு செய்ய வேண்டும் என்று கருதினார். பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1912-இல், சென்னையில் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இளம் விதவைகளுக்கு விடுதி அமைத்துப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். 18 வயதைத் தாண்டிய விதவைகளுக்கு அரசு விடுதியில் இடமில்லை என்றபோது, அவர்களுக்காகச் சாரதா வித்யாலயாவை ஏற்படுத்தினார். “வயது கடந்து விட்டது” என்று மூடிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்தார்.

மராட்டிய மண்ணில் தோண்டோ கேசவ் கார்வே 1916-இல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தைப் புனேயில் தொடங்கினார். ஜப்பானின் மகளிர் பல்கலைக்கழகம் அவருக்கு முன்மாதிரி. முதலில் சேர்ந்தவர்கள் 5 பேர்தான். தாய்மொழியிலேயே உயர்கல்வி என்பது அந்தக் காலத்தில் பலர் சிரித்த யோசனை. 1920-இல் அது எஸ்.என்.டி.டி. என்ற பெயர் பெற்று இன்றும் இயங்குகிறது.

சிறையில் பிறந்த பாடத்திட்டம்

தானாகப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு துர்காபாய். 1909-இல் இராஜமுந்திரியில் பிறந்தவர். 8 வயதில் திருமணம். வளர்ந்ததும் அந்தப் பந்தத்தை ஏற்க மறுத்தார். ஆங்கிலப் பள்ளியை விட்டு விலகி, சிறுமியாக இருக்கும்போதே மற்றப் பெண்களுக்கு இந்தி சொல்லிக் கொடுக்கப் பள்ளி நடத்தினார். 1930-இல் சென்னையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது முன்னணியில் நின்று சிறை சென்றார்.

சிறையில் அவர் கண்டது வேறொரு உலகம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், தாங்கள் செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டு தண்டனை அனுபவித்துக் கொண்டிருந்தார்கள். தங்கள் மேல் என்ன வழக்கு என்பதே பலருக்குத் தெரியாது. அந்தப் பெண்களுக்காக வாதாட வேண்டுமானால் சட்டம் படிக்க வேண்டும். சட்டம் படிக்கப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு மெட்ரிகுலேஷன் வேண்டும். துர்காபாயின் படிப்புத் திட்டத்தை வகுத்தது எந்தக் கல்லூரியும் அல்ல, அந்தச் சிறைப் பெண்களின் கண்ணீர்.

விடுதலையானதும் பனாரஸ் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷனைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். அடுத்துப் பட்டப்படிப்புக்கு ஆந்திரப் பல்கலைக்கழகத்தை அணுகியபோது, பெண்களுக்கு விடுதி இல்லை, ஆகவே இடமில்லை என்றார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அழுதுகொண்டு திரும்பவில்லை. “படிக்க விரும்பும் பெண்கள் தொடர்பு கொள்ளவும்” என்று நாளேட்டில் விளம்பரம் கொடுத்தார். பெண்கள் முன்வந்தார்கள். அவர்களே சேர்ந்து ஒரு விடுதியை அமைத்துக்கொண்டார்கள். விடுதி வந்துவிட்டதால் பல்கலைக்கழகம் சொன்ன காரணம் காணாமல் போயிற்று. தனக்கு ஓரிடம் கேட்கப் போனவர் பல பெண்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். அரசியல் துறையில் பட்டம் பெற்று, 1942-இல் சட்டமும் முடித்தார்.

இதற்கு நடுவே 1937-இல் சென்னையில் ஆந்திர மகிளா சபை உருவாயிற்று. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களைப் பனாரஸ் மெட்ரிகுலேஷனுக்குத் தயார் செய்வது அதன் தொடக்கப் பணிகளில் ஒன்று. தான் நடந்த பாதையில் மற்றவர்களுக்கு விளக்கு வைத்தார் அவர்.

நாடு விடுதலை பெற்றபின், 1953-இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்துக்குத் துர்காபாய் தலைவரானார். கிராமங்களுக்கு ஆசிரியைகள், தாதியர், ஊழியர் தேவை. படித்த பெண்களோ கிடைக்கவில்லை. 1958-இல் வாரியம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கொஞ்சம் படித்துப் பாதியில் நின்ற வயது வந்த பெண்களுக்கு, பல ஆண்டுப் பாடத்தைச் சுருக்கி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் தேர்வு எழுத வைக்கும் குறுங்காலப் படிப்பு அது. பெண்ணின் வயதையும் அனுபவத்தையும் குறையாகப் பார்க்காமல் தகுதியாகப் பார்த்தது என்பதே அதன் சிறப்பு.

வெளியுலகிலும் இதே கதைதான். லண்டன் பல்கலைக்கழகம் வெளி மாணவர்களுக்கு 1858-இலேயே தேர்வைத் திறந்துவிட்டது. பெண்களுக்குப் பட்டம் கொடுக்கச் சம்மதித்ததோ 1878-இல்தான். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்துக் கோடார்ட் கல்லூரி 1963-இல் வயது வந்தவர்களுக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. திருமணத்தாலும் பிள்ளைப் பேற்றாலும் படிப்பை விட்ட பெண்களை மனத்தில் வைத்து உருவான படிப்பு அது. ஆண்டுக்கு இருமுறை சில வாரங்கள் கல்லூரியில் கூடுவார்கள். மாணவியே தன் பாடத்தை வகுப்பார். மற்ற மாதங்களில் வீட்டிலிருந்து படித்து, ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்பார். கோடார்ட் கல்லூரி 2024-இல் மூடப்பட்டுவிட்டது. அது காட்டிய முறையோ பல நாடுகளுக்குப் பரவி விட்டது. அங்கும் பாருங்கள்: பாடம் அவளுடையது, ஆனால் கூடுவதற்கு ஒரு கூட்டம் இருந்தது, கடிதத்துக்குப் பதில் எழுத ஓர் ஆசிரியர் இருந்தார்.

மலாயாவில் திறந்த கதவுகள்

நம் மண்ணுக்கு வருவோம். 1943-இல் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, மலாயா முழுவதிலுமிருந்து பெண்கள் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். துப்பாக்கிப் பயிற்சி மட்டும் அல்ல, எழுத்தும் மொழியும் அங்கே பாடமாயின. பால்வெட்டும் உளி பிடித்த கையைப் பார்த்து “உன்னால் முடியும்” என்று ஒரு முகாம் சொன்னது அதுதான் முதல் முறை எனலாம். அந்தப் படையிலிருந்து வந்தவர் ராசம்மா பூபாலன். போர் முடிந்ததும் படிப்பைத் தொடர்ந்து ஆசிரியையானார். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்கி, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார்.

1952-இல் தமிழ் முரசில் கோ. சாரங்கபாணி தொடங்கிய மாணவர் மணிமன்றம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பிரதி அனுப்பும் துணிவைக் கொடுத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று அவர் நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்களும் பணம் கொடுத்தார்கள். அத்துறை 1956-இல் தொடங்கியது. தாங்கள் ஒருநாளும் நுழைய முடியாத பல்கலைக்கழகத்துக்கு நாள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பல்கலைக்கழகம் நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று அவர்களின் பேத்தி நினைக்கலாமா?

ஆனால் இடையில் ஒரு பள்ளம் இருந்தது. 1960-களின் நடுப்பகுதி வரை ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் நுழைவுத் தேர்வில் தேறினால்தான் இடைநிலைப் பள்ளி. அந்தத் தேர்வு நீங்கிய பிறகும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மொழி மாறுவதற்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டும். இடைநிலைப் பள்ளியோ பட்டணத்தில். பேருந்துச் செலவு, தூரம், வயது வந்த பெண்ணைத் தனியே அனுப்பும் தயக்கம் எல்லாம் சேர்ந்து பல பெண்களை அந்தப் பள்ளத்திலேயே நிறுத்தின. இன்று 50, 60 வயதைத் தொடும் அம்மாமார்களில் எத்தனையோ பேர் அப்படி நின்றவர்கள்தாம்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இல் வளாகத்துக்கு வெளியே படிக்கும் பட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே கலைப் பட்டம் பெறும் வழி இந்நாட்டில் பிறந்தது. ஆயினும் தொடக்கத்தில் கடைசி ஆண்டை வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு இருக்கும் தாய் எப்படிப் போவாள்? கதவு திறந்திருந்தது, வாசற்படி உயரமாக இருந்தது. 2000-இல் மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. 2007-இல் வவாசான் திறந்த பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. படி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

அதற்கும் மேலாக ‘ஏப்பெல்’ எனப்படும் முன்அனுபவக் கற்றல் அங்கீகார முறை வந்தது. 21 வயதைத் தாண்டியவர், தொடர்புடைய வேலை அனுபவம் உள்ளவர், பள்ளிச் சான்றிதழ் போதாவிட்டாலும் பட்டப்படிப்புக்குத் தகுதி கேட்கலாம். ஒரு தேர்வு உண்டு. இதுவரை வாழ்க்கையில் கற்றது என்ன என்பதை எழுதித் தொகுத்துக் கொடுக்கவும் வேண்டும்.

அனுபவமும் படிப்புத்தான் என்பதைத் தோட்டத்துப் பெண்கள் ஏற்கெனவே நிரூபித்திருக்கிறார்கள். ஐரின் பெர்னாண்டஸ் 1991-இல் நிறுவிய தெனாகனித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. மூக்கில் இரத்தம், தோலில் அரிப்பு, கண் எரிச்சல் என்று தங்கள் உடம்பில் நடந்ததை அந்தப் பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் சொல்தான் ஆய்வின் அடித்தளம். தோட்டங்களில் பெரிதும் பேசப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020-இல் இந்நாட்டில் தடை வந்தது. எழுதத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், படித்தவர்கள் அறியாததை அறிந்திருந்தார்கள்.

லுக்குட்டில் இனி என்ன?

இன்று லுக்குட் பக்கம் பால்மரம் குறைந்து செம்பனை நிறைந்து விட்டது. லயத்துக் குடும்பங்கள் பல தாமான்களுக்குக் குடிபெயர்ந்து விட்டன. தோட்டத்தில் பிறந்த பெண்கள் தொழிற்சாலையிலும், பாலர் பள்ளியிலும், போர்ட்டிக்சன் கடற்கரைத் தங்குவிடுதிகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தகுதி வழி இருக்கிறது. தொழிலாளர் சேமநிதியிலிருந்து உயர்கல்விக்குப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. பிறகு என்ன தடை?

இணையத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் பாரத்தை நிரப்பக் கூட ஆள் இல்லை என்பது தடை. முதல் கட்டுரை குறைந்த மதிப்பெண்ணோடு திரும்பி வரும் இரவில், “விடாதே, இன்னொரு முறை எழுது” என்று சொல்ல ஒரு குரல் இல்லை என்பது தடை. தேர்வு நாளன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது தடை. திறந்த பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்கள் பாதியில் விட்டுப் போவது உலகம் முழுதும் காணும் சிக்கல். அறிவுக் குறைவினால் மட்டும் அது நடப்பதில்லை. துணைக் குறைவும் ஒரு காரணம்.

சுப்புலட்சுமிக்கு ஒரு சித்தி இருந்தார். துர்காபாய்க்கு விளம்பரம் பார்த்து வந்த தோழிகள் இருந்தார்கள். அமெரிக்க இல்லத்தரசிக்கு ஆண்டுக்கு இருமுறை கூடும் கூட்டம் இருந்தது. லுக்குட் பெண்ணுக்கு அந்த இடத்தில் யார்?

பெரிய கட்டடம் தேவையில்லை. கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறையோ வாரத்தில் இரண்டு மாலை கிடைத்தால் போதும். ஏற்கெனவே பட்டம் பெற்ற ஓர் ஆசிரியை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நால்வர் படிக்கலாம். அடுத்த வாரம் முறை மாறலாம். கார்வேயின் பல்கலைக்கழகமும் ஐந்து பேரோடுதான் தொடங்கியது.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது அவள் உரிமை. தமிழ் இலக்கியமோ, வரலாறோ, சமூகவியலோ, அவள் விருப்பம். தன் பாட்டி கப்பலேறி வந்த கதையையே ஆய்வுக்கு எடுத்துக் கொண்டாலும் சரி. தொடங்குவதும் தொடர்வதும் அவள் கையில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்வது மற்றவர்கள் கையில் இருக்கிறது. தம்பியை இடுப்பில் சுமந்ததற்காகச் சிலேட்டை இறக்கி வைத்தவள் அவள். இப்போது அவளுடைய சுமையைக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொள்ள வேண்டியவர்கள், அன்று அவள் சுமந்து வளர்த்த தம்பிமார்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அல்லவா?